காலிக் குழாயா, முழுக் கம்பியா?

ஜாசின், அலோர் காஜா பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் காலையில் உர மூட்டையோடு செம்மண் தடத்தில் இறங்கும் ஹைலக்ஸ் அல்லது டிமேக்ஸ் பிக்கப், மாலையில் ஏஎம்ஜே நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு மலாக்கா நகருக்கு ஓடும். ஒரே வண்டி இரண்டு வேலையும் பார்ப்பதால்தான் ஸ்டெபிலைசர் பார் மாற்றும்போது பேச்சு நீள்கிறது. குழாய் போல உள்ளே காலியானதா, முழு இரும்பா? உள்ளே ஒன்றுமில்லாதது எப்படித் தாங்கும் என்பது முழுக் கம்பிக்காரர்களின் வாதம்.

கணக்கு அவர்கள் பக்கம் இல்லை. வண்டி வளைவில் சாயும்போது இந்தக் கம்பி முறுக்கிக்கொண்டு சாய்வைத் தடுக்கிறது. முறுக்கத்தை எதிர்ப்பதில் பெரும்பங்கு வெளிப்புறத்து இரும்புக்கு. நடுவிலிருப்பது ஏறக்குறைய சும்மா சவாரி செய்கிறது. 30 மி.மீ. வெளிவிட்டமும் 5 மி.மீ. சுவரும் உள்ள குழாய்க்கு, 28 மி.மீ. முழுக் கம்பியைவிட 6 விழுக்காடு விறைப்பு கூடுதல், எடை 36 விழுக்காடு குறைவு.

சரி, அந்த எடையை மிச்சம் பிடித்து என்ன லாபம்? ஒன்றரை மீட்டர் கம்பியில் இரண்டரைக் கிலோ சொச்சம். பந்தயக் காருக்கு அது பெரிது. பின்னால் 50 கிலோ மூட்டைகளை அடுக்கும் வண்டிக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

குழாயின் உண்மையான பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. செம்பனைக்குச் சாம்பல் சத்து நிறைய வேண்டும். அதற்கு இடுவது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. உப்பு வகையைச் சேர்ந்த அந்தத் தூள் ஈரச் சேற்றோடு வண்டியின் அடியில் அப்பினால் இரும்பைத் தின்னும். முழுக் கம்பியில் துரு வெளியே தெரியும். தேய்த்துப் பெயின்ட் அடிக்கலாம். சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் லிங்க்கைப் பூட்டுவதற்காகத் தட்டையாக்கிய குழாய் முனை சரியாக மூடப்படாவிட்டால், ஈரம் உள்ளே புகுந்து கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கும். அதோடு, அதே அளவு முறுக்கத்தில் தடித்த குழாயின் மேற்பரப்பில் அழுத்தமும் சற்று அதிகம். மட்டமான இரும்பில் செய்ததென்றால் குழாய் வளைந்த இடங்களில்தான் முதலில் விரிசல் விடும்.

ஆக, தோட்டத்து வண்டிக்கு முழுக் கம்பியே மேல். அதுவும் கம்பெனி அளவிலேயே. அதைவிடத் தடித்ததைப் போட்டால் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அந்தச் சக்கரத்தின் பிடி குறையும். சேற்றில் அது வெறுமனே சுழலும். கம்பியைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ்ஷும் லிங்க்கும் தேய்ந்திருந்தால் எந்தக் கம்பியும் வளைவில் உடனே வேலை செய்யாது. அவற்றை மாற்றினாலே பாதிக் குறை போய்விடும்.

நெடுஞ்சாலையிலேயே ஓடும் வண்டிக்குக் குழாய் தாராளமாகப் போதும். ஆனால் வெளிவிட்டத்தை மட்டும் கேட்டு வாங்கக் கூடாது. அதே 30 மி.மீ. குழாயின் சுவர் 2 மி.மீ. என்றால் விறைப்பு பழைய 28 மி.மீ. கம்பியைவிட 40 விழுக்காட்டுக்கு மேல் இறங்கிவிடும். பார்வைக்குத் தடித்ததைப் பூட்டிக்கொண்டு போனவர், ஆயர் குரோ வளைவில் வண்டி முன்னைவிட அதிகம் சாய்கிறதே என்று புஷ்ஷைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்.