வெறும் தலை

1630ஐ ஒட்டி வான் டைக் தன் முகத்தைச் செப்புத் தகட்டில் கீறினார். தலை மட்டும், கீழே ஓரிரு கோடுகள், பிறகு வெற்றுத் தாள். பாங்கிலிருந்து திருவான்மியூர் அறைக்குத் திரும்பி, இதன் பிரதியை எத்தனையோ இரவுகள் பார்த்திருக்கிறேன். 1645 பதிப்பில் இந்தத் தலை, யாக்கோப் நேஃப்ஸ் கைபட்டு, பீடத்தின்மேல் மார்பளவுச் சிலையாகித் தலைப்புப் பக்கத்துக்குப் போய்விட்டது. கோட்டின் தயக்கம் எல்லாம் போச்சு.

அந்தத் தொகுப்பின் முதல் 80 தகடுகளில் 52 ஓவியர்களுக்கும் கலைப்பொருள் சேகரிப்போருக்கும் உரியவை. மன்னர், தளபதிகளுக்குச் சமமான இடம். ஆனால் பெரும்பாலான ஓவியர் கையில் தூரிகை இல்லை. கனவான் என்று காட்டிக்கொள்ளத் தொழிலை ஒளிக்க வேண்டியிருந்திருக்கிறது.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குஞ்சரமல்லன் என்ற பெருந்தச்சனுக்குப் பெயர் உண்டு, முகம் இல்லை. இதை அடக்கம் என்று கொண்டாடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவனை யார் கேட்டார்கள்?

நம் சிற்றேடுகள் இறந்த எழுத்தாளனை அட்டையில் கோட்டோவியமாகப் போடுகின்றன. உள்ளே அவன் எழுத்தைப் பற்றி ஒரு பக்கம் இராது. (இப்படியொரு இதழுக்கு நானும் சந்தா சேர்த்தவன்தான்.) இதுவும் நேஃப்ஸின் பீடம். அடுத்த அட்டைக்கு யோசனை கேட்ட நண்பருக்கு, படம் வேண்டாம், அவர் கதையொன்றின் முதல் பக்கத்தை அங்கே அச்சிடுங்கள் என்று எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.