அறிவியல் புனைகதையில் கருவின் புதுமை

அறிவியல் புனைகதை குறித்த தமிழ் ஆய்வுகளுள் பல, கதையில் வரும் கருவிகளை எண்ணிக் கூறுவதோடு அமைந்துவிடுகின்றன. இயந்திர மனிதன், விண்கலம், காலப்பயணம் ஆகியன இருப்பின் கரு புதிது என்பது அவற்றின் துணிபு. அங்ஙனமாயின் கருவி பழகியவுடன் கதையும் பழமைப்படுதல் வேண்டும். நூறாண்டுக்கு முன் வங்கத்தவர் இருவர் எழுதிய கதைகள் இக்கருத்தை மறுக்கின்றன.

ஜகதீச சந்திர போஸ் 1896இல் வங்க மொழியில் எழுதிய கதை, 'குந்தளீன்' என்னும் கூந்தல் தைல வணிகர் நடத்திய போட்டிக்குரியது. விளம்பரமெனத் தோன்றாமல் தைலம் கதையில் இடம்பெறல் வேண்டும் என்பது விதி. கல்கத்தாவைத் தாக்கும் என அறிவிக்கப்பட்ட புயல் வாராது போகிறது. வானிலையாளர் திகைக்கின்றனர். கப்பற்பயணி ஒருவர் கொந்தளித்த கடலில் ஒரு புட்டி தைலத்தைக் கவிழ்த்ததே காரணம்! எண்ணெய்ப் படலம் அலையைத் தணிக்கும் என்பது இயற்பியல் ஏற்ற உண்மை. ஒரு புட்டியால் புயலை அடக்கியது புனைவு. எழுத்தாளரைக் கட்டுப்படுத்த வந்த வணிக விதியே ஈண்டுக் கருவாயிற்று.

ரொக்கேயா சகாவத் ஹுசைனின் 'சுல்தானாவின் கனவு' 1905இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதனை முதலில் வெளியிட்டது சென்னையிலிருந்து வந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்பது தமிழ் ஆய்வாளர் நினைவிற்கொள்ளத்தக்கது. மகளிர்க்குரிய உள்ளறையில் ஆடவரை இருத்தினால் நாடு எவ்வாறு இயங்கும் என்னும் ஒற்றை வினாவே கதை. கதிரவனின் வெப்பத்தைச் சேர்த்துவைக்கும் கருவி அதில் வருகிறது. அக்கருவி பகைவரையும் விரட்டுகிறது, சோறும் சமைக்கிறது. கருவி இன்று வியப்பன்று. இடமாற்றம் இன்றும் உறுத்துகிறது.

இந்நோக்கில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை மீளப் படித்தல் வேண்டும். 1980களில் தொடராக வந்த இந்நாவலைப் பற்றிய பேச்சு, ஜீனோ என்னும் இயந்திர நாயையே சுற்றி வருகிறது. நாய் சுவையானது, மறுப்பதற்கில்லை. ஆயினும் பிள்ளை பெறுவதற்கு அரசின் அனுமதி வேண்டி நிற்கும் நிலாவே நாவலின் கரு. பங்கீட்டு அட்டைக்கு வரிசையில் நின்றும், 1975–77 நெருக்கடி நிலையின் கட்டாயக் கருத்தடையைக் கண்டும் வாழ்ந்த வாசகர்க்கு அவ்வனுமதி அயலானதன்று. நெருக்கடி நிலை பற்றிய தமிழ்ப் படைப்புகளின் வரிசையில் வைத்து இந்நாவலை ஆராயின், ஜீனோவை மட்டும் பேசும் ஆய்வு எதனைத் தவறவிட்டது என்பது புலப்படும்.