டாக்டர் யாரிடம் சொல்ல வேண்டும்?

நம் தொடர்கதைகளில் வரும் டாக்டருக்கு ஒரு வழக்கம் உண்டு. மயங்கி விழுந்த கதாநாயகியின் நாடியைப் பார்ப்பார். கூடத்துக்கு வந்து அவள் தகப்பனாரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுவார். உடனே 'தொடரும்'! படுத்திருப்பவள்தான் கடைசியில் தெரிந்துகொள்வாள். நாமும் இதை ஒரு குறையாக எண்ணுவதில்லை.

சிவகாசியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. தந்தையின் சம்பாத்தியத்தையே நம்பியிருக்கும் திருமணமாகாத மகளுக்கு, வயது 23 ஆனாலும், அவருடைய காப்பீட்டில் இடமுண்டு. பெரிய உபகாரந்தான். ஆனால் கார்டு அவருடையது என்பதால் அவள் நோயும் அவருடையதாகிவிடுமா?

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கருக்கலைப்புக்கு, 18 வயது நிரம்பியவளின் சம்மதமே போதும் என்றது 1971-ஆம் வருஷத்துச் சட்டம். சட்டம் அனுமதிக்காத ஒருவரிடம் அவள் பெயரை வெளியிடும் டாக்டருக்கு ஓராண்டு வரை சிறை என்கிறது 2021-ஆம் வருஷத் திருத்தம். மனநோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொள்பவரின் ரகசியத்துக்கும் 2017-இல் பாதுகாப்பு வந்துவிட்டது.

டாக்டரின் வாயைக் கட்டியாயிற்று. ஆனால் கார்டு அப்பாவின் பெட்டியில் அல்லவா இருக்கிறது? "கார்டைக் கொடுங்கப்பா" என்றதுமே, "எதுக்கும்மா?" என்று அவர் கேட்பார். அன்போடுதான் கேட்பார், அதுதான் சங்கடம். அந்தக் கேள்விக்குப் பயந்து, காசில்லாத வைத்தியத்தை விட்டு, விருதுநகருக்குப் பஸ் ஏறித் தனியார் டாக்டரிடம் போகிற பெண்ணை எந்த நாவலிலும் நான் சந்தித்ததில்லை. அவளுக்குப் பணம் எங்கிருந்து கிடைத்தது என்பதே இரண்டு அத்தியாயத்துக்கு வரும்.