மீள்பார்வையில் நகை: ‘மைக்கேல் மதன காமராஜன்’ திரைப்படமும் அதன் வீட்டுக் காணொளி வடிவங்களும்

ஆய்வுச் சுருக்கம்

1990ஆம் ஆண்டு தீபாவளியையொட்டி வெளிவந்த ‘மைக்கேல் மதன காமராஜன்’, திரையரங்கைவிட வீட்டுக் காணொளி வழியாகவே மீண்டும் மீண்டும் பார்க்கப்பட்டு நிலைபெற்ற நகைச்சுவைப் படமாகும். அறிந்த கதையைத் திரும்பப் பார்த்துச் சிரிக்கும் வழக்கத்தைத் திருவண்ணாமலை வட்டாரத் தெருக்கூத்து மரபோடு ஒப்பிட்டும், நகைக்குத் தொல்காப்பியம் வகுத்த நிலைக்களன்களைக் கருவியாகக் கொண்டும் இக்கட்டுரை அப்படத்தை ஆராய்கிறது. முழுப் படமாகக் காணும்போது செயற்படும் நகை, துண்டுக் காட்சிகளாகக் காணும்போது வேறொன்றாகத் திரிகிறது என்பதும், அதனால் திரைப்பட ஆய்வில் எவ்வடிவம் மூலமாகக் கொள்ளப்பட்டது என்பதைக் குறிப்பிடுவது இன்றியமையாதது என்பதும் இதன் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: நகை, மடம், எள்ளல், மீள்பார்வை, வீட்டுக் காணொளி, தெருக்கூத்து, கட்டியங்காரன், கிரேசி மோகன்.

1. முன்னுரை

சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில், கமல்ஹாசன் நான்கு வேடங்களில் நடிக்க, கிரேசி மோகன் உரையாடல் எழுத, இளையராஜா இசையமைக்க உருவான படம் ‘மைக்கேல் மதன காமராஜன்’. பிறந்தவுடன் பிரிக்கப்பட்ட நால்வர் நான்கு சூழல்களில் வளர்கின்றனர். மைக்கேல் குற்ற உலகில் வாழ்பவன், மதன் தொழிலதிபர், காமேஸ்வரன் பாலக்காட்டுச் சமையற்காரரின் வளர்ப்பு மகன், ராஜு தீயணைப்பு வீரன். மதனைப்போல் நடிக்க ராஜு அமர்த்தப்பட, அதிலிருந்து ஆள்மாறாட்டக் குழப்பங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன.

நால்வரின் பெயர்களைக் கோத்து அமைந்த தலைப்பு, தமிழில் நெடுங்காலமாக வழங்கிவரும் ‘மதனகாமராஜன் கதை’யை நினைவூட்டுகிறது. கதைக்குள் கதையாக விரியும் அந்நூலைப் பண்டித நடேச சாஸ்திரி 1886இல் ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1941இல் அப்பெயரில் ஒரு திரைப்படமும் வெளிவந்தது. முன்கதையை இளையராஜாவின் குரலில் பாடலாகச் சொல்லித் தொடங்கும் இப்படம், பலமுறை சொல்லப்பட்ட கதைகளின் வரிசையில் தன்னை நிறுத்திக்கொள்கிறது.

இப்படத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் நான்கு வேடங்கள் என்னும் வியப்போடு நின்றுவிடுகிறது. வியப்பு முதற்பார்வைக்கு உரியது. பத்தாவது முறை பார்ப்பவர் எதற்காகச் சிரிக்கிறார் என்ற வினாவே ஆய்வுக்கு உரியது.

2. அறிந்த கதையும் கூத்துப் பார்வையாளரும்

1982ஆம் ஆண்டின் ஆசிய விளையாட்டுப் போட்டிகளையொட்டி இந்தியாவில் வண்ணத் தொலைக்காட்சி வந்தது. அதன்பின் ஒளிநாடாக் கருவியும் பரவியது. ‘டெக்’ என வழங்கிய அக்கருவியைத் தொலைக்காட்சிப் பெட்டியோடும் கேசட்டுகளோடும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்து, உறவினரும் அண்டை வீட்டாரும் கூடியிருந்து விடிய விடியப் படம் பார்ப்பது தமிழகச் சிற்றூர்களிலும் நகரங்களிலும் பரவலான வழக்கமாயிற்று. வீட்டுக் காணொளி என்பது தொடக்கத்தில் தனியாள் நுகர்வாக இருக்கவில்லை. தெருவும் திண்ணையும் சேர்ந்த கூட்டு நுகர்வாகவே இருந்தது.

விடிய விடியக் காணுதல் திருவண்ணாமலை வட்டாரத்திற்குப் புதிதன்று. 1989இல் பழைய வடஆர்க்காடு மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான இப்பகுதி, தெருக்கூத்தின் வலுவான நிலங்களுள் ஒன்று. செய்யாற்றை அடுத்த புரிசை, கண்ணப்பத் தம்பிரான் மரபினரால் நாடறிந்த கூத்தூர். திரௌபதியம்மன் கோயில் விழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நிகழ்கின்றன. பகலில் பிரசங்கியார் சொன்ன கதையையே இரவில் கூத்தர் ஆடுகின்றனர். துகிலுரிதலின் முடிவை அறியாத ஒருவரும் அவ்வவையில் இல்லை. அறிந்ததை மீண்டும் காண்பதில் குறைவேதும் இருப்பதாக அம்மரபு கருதுவதில்லை. முழுநிலவுதோறும் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையை மீண்டும் மீண்டும் சுற்றிவரும் ஊரில் திரும்பச் செய்தல் ஒரு பண்பாட்டு ஒழுங்கும் ஆகும்.

கூத்தின் நகைக்கு உரியவன் கட்டியங்காரன். அரசனை அவைக்கு அறிமுகப்படுத்துபவனும் அவனே. அரசன் சொல்லைத் தவறாகக் கேட்டுத் திரித்துச் சொல்பவனும் அவனே. கதை அறிந்த பார்வையாளர் அவன் எங்கே குறுக்கிடுவான் எனக் காத்திருக்கின்றனர். அச்சிரிப்பு எதிர்பாராமையால் பிறப்பதன்று. எதிர்பார்ப்பு நிறைவேறுவதால் பிறப்பது. கையாடல் செய்த அவிநாசி (நாகேஷ்), முதலாளியிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டால் என்ன நடக்கும் என்று தனியே நடித்துப் பார்க்கும் காட்சியை இங்கு எண்ணலாம். தன் பேச்சும் முதலாளியின் பேச்சும் ஒரே வாயிலிருந்து வருகின்றன. இரண்டு தரப்பையும் தானே பேசும் கட்டியங்காரனின் உத்திக்கு அது மிக அண்மையில் நிற்கிறது. மீள்பார்வையாளர் அக்காட்சியை நாகேஷோடு சேர்ந்து உதடசைத்தே காண்கின்றனர்.

வேறுபாடு ஒன்றுண்டு. கட்டியங்காரன் ஊருக்கும் இரவுக்கும் ஏற்பத் தன் பேச்சை மாற்றுவான். ஒளிநாடாவில் உள்ள பேச்சு மாறாது. பேச்சு மாறாதவிடத்துப் பார்வையாளரின் செவியே மாறவேண்டியதாகிறது. கிரேசி மோகனின் எழுத்து அந்த மாற்றத்திற்கு இடமளிக்கிறது என்பதே படத்தின் நீடிப்புக்குக் காரணம்.

3. செவி தவறவிட்டவை

கிரேசி மோகன் மேடையிலிருந்து வந்தவர். ‘கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ நாடகத்தால் அறியப்பட்டு, 1979இல் தமக்கெனக் குழுவும் கண்டவர். மேடையில் நடிகர், அவையின் சிரிப்பு அடங்கும்வரை நின்று அடுத்த சொல்லைத் தொடரலாம். திரைக்கு அந்த வசதி இல்லை. சிரிப்பு எழுந்தாலும் படச்சுருள் ஓடிக்கொண்டே இருக்கும். நகைச்சுவைப் படங்கள் பலவும் இதை எண்ணி, ஒரு நகைக்குப்பின் சற்றே இடைவெளி விடுகின்றன. இப்படம் அவ்வாறு விடுவதில்லை. ஒரு சிலேடை முடியுமுன் அடுத்தது தொடங்கிவிடுகிறது. நிறைந்த அரங்கில் முதற்சிரிப்பு இரண்டாம் சிலேடையை மூடிவிடும்.

எனவே திரையரங்கில் படத்தின் ஒரு பகுதி கேட்கப்படாமலே போகும் வகையில் இவ்வுரையாடல் அமைந்துள்ளது. வீட்டுக் காணொளி அப்பகுதியை மீட்டுத் தருகிறது. நாடாவைப் பின்னோக்கிச் சுற்றலாம், ஒலியைக் கூட்டலாம். சிரித்து ஓய்ந்தபின் காணும் மூன்றாம் பார்வையில், முன்னணியில் பேசுபவருக்குப் பின்னால் ஒருவர் முணுமுணுத்தது கேட்கிறது. 1987இல் உரையாடலே இல்லாத ‘பேசும் படம்’ எடுத்த இயக்குநரே, மூன்றாண்டுகளுக்குப்பின் உரையாடல் நெரிசல் மிக்க இப்படத்தையும் எடுத்தார். இரண்டிலும் நடிகரின் உடலசைவே நகையைத் தாங்குகிறது. சொல் தவறினாலும் காட்சி புரிவதற்கு அதுவே காரணம்.

4. நகையின் நிலைக்களன்கள்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாட்டுள் நகையை முதலில் வைத்து, அது எள்ளல், இளமை, பேதைமை, மடம் என்னும் நான்கு நிலைக்களன்களில் தோன்றும் என வகுக்கிறது. நான்கு உடன்பிறந்தார், நான்கு நிலைக்களன்கள் என்ற எண்ணொற்றுமையைக் கொண்டு ஒருவருக்கு ஒன்றெனப் பொருத்துவது எளிது. ஆயினும் அது பயனற்றது. நிலைக்களன்கள் பாத்திரங்களுக்கு உரியனவல்ல, சூழல்களுக்கு உரியன.

பேதைமையும் மடமும் வேறானவை என்பதை உரையாசிரியர்கள் தெளிவுபடுத்துவர். பேதைமை அறியாமை. மடம் என்பது பிறர் அறிவுறுத்தியதை ஏற்று, ஏற்றதை விடாது பற்றிநிற்றல். இவ்வேறுபாடு இப்படத்தின் இயக்கத்தை விளக்கப் பெரிதும் உதவுகிறது. ஆள்மாறாட்டக் கதையில் எவரும் அறிவற்றவரல்லர். ஒவ்வொருவரும் தாம் முதலில் நம்பியதை விடாது பற்றியிருக்கின்றனர். எதிரில் நிற்பவர் மதன் என்று நம்பியவர், அவருடைய பேச்சு மாறினாலும் நடை மாறினாலும் அந்நம்பிக்கைக்கு ஏற்பவே காரணம் கற்பித்துக்கொள்கிறார். சான்றுகள் குவியக் குவியப் பிழை வலுப்படுகிறது. இதுவே மடத்தின் நகை.

மலை விளிம்பில் அமைந்த வீடு, உள்ளிருப்போர் நகர நகரச் சாயும் இறுதிக் காட்சி, 1925இல் வெளிவந்த சாப்ளினின் ‘தி கோல்ட் ரஷ்’ படத்துக் குடிலை நினைவூட்டுவது. சாப்ளினிடம் பசியும் தனிமையும் சூழ்ந்த ஓரிடமாக அது இருந்தது. இங்கு அது படம் முழுதும் சேர்ந்த தவறான நம்பிக்கைகளின் கூட்டுத்தொகையாகிறது. யார் யார் என்று தெரியாத கூட்டம் ஒரே தரையில் நிற்க, அத்தரையே நிலைகொள்ளாது ஆடுகிறது. முன்பகுதியைக் காணாதவர்க்கு அது சாயும் வீடு மட்டுமே.

5. எள்ளலின் திசை

எள்ளலைப் பேராசிரியர் இருவகையாகப் பிரிப்பர்: தான் பிறரை எள்ளி நகுதல், பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுதல். வட்டார வழக்குகளைக் கொண்டு நகை படைக்கும் படத்தை மதிப்பிட இப்பாகுபாடு தேவையானது. காமேஸ்வரனின் பாலக்காட்டுத் தமிழ், ராஜுவின் சென்னைத் தமிழ், மதனின் ஆங்கிலம் கலந்த பேச்சு ஆகியவை வேறுபாடுகளைக் காட்டும் குறிகள். அவை எள்ளலுக்கும் இலக்காகின்றனவா?

சாம்பாரில் மீன் விழும் காட்சி தக்க சான்று. மரக்கறி ஒழுக்கத்தின் மீதான கேலியாக அதைக் காண்பது வழக்கம். மறுபார்வையில் மணி ஐயரின் (டெல்லி கணேஷ்) பதற்றம் மேலெழுகிறது. பந்தி தொடங்கவிருக்கிறது, செய்தி வெளியானால் தொழிலே போய்விடும். பிறரை எள்ளும் நகையாகத் தொடங்கும் காட்சி, தொழிலாளியின் அச்சத்தைப் பங்கிடும் நகையாக மாறுகிறது. ராஜுவின் சென்னைப் பேச்சும் இத்தகையதே. மதன் வேடத்தில் அவன் திணறும்போது, பார்வையாளர் அவன் பேச்சைக் கண்டு நகுவதைவிட, அப்பேச்சை மறைத்தாக வேண்டிய இடத்தின் போலித்தனத்தைக் கண்டே நகுகின்றனர். வடமாவட்டப் பேச்சுக்குப் பழகிய திருவண்ணாமலைச் செவிக்கு இவ்விரு வழக்குகளும் ஓரளவு அயலானவையே. ஆதலின் எள்ளலின் திசையை இவ்வட்டாரப் பார்வையாளர் வெளியிலிருந்து எடைபோட முடிகிறது.

மீள்பார்வை குறைகளையும் மறைப்பதில்லை. பெண் பாத்திரங்கள் பெரும்பாலும் இணை சேர்க்கும் தேவைக்கே படைக்கப்பட்டுள்ளனர். ஊர்வசியின் நடிப்பு மட்டும் அவ்வெல்லையை மீறுகிறது. நால்வருள் மைக்கேல் மிகக் குறைவாகவே எழுதப்பட்டவன். கரகரத்த குரலுக்கு அப்பால் அவனுக்கென ஓர் உலகம் அமையவில்லை. பெற்றோர் துயரம் சொல்லும் பகுதிகள், நகையின் விசையைத் தாங்காது தனித்து நிற்கின்றன. முதற்பார்வையில் வேகம் மறைத்த இவை, பின்னர்த் தெளிவாகப் புலப்படுகின்றன.

6. வடிவமாற்றமும் பாடச் சிக்கலும்

ஒளிநாடாவை அடுத்துக் குறுந்தகடு வந்தது. ஒரு வி.சி.டி. ஏறத்தாழ 74 முதல் 80 நிமிடங்களே கொள்ளும். இரண்டரை மணி நேரத்தைத் தாண்டும் இப்படம் தகடுகளாகப் பிரிந்தது. தகடு மாற்றும் இடம் இடைவேளையோடு ஒத்துவர வேண்டியதில்லை. டி.வி.டி. படத்தை மீண்டும் ஒன்றாக்கியது. படச்சட்டத்தை நிறுத்திப் பார்க்கவும் வழி செய்தது. நால்வர் ஒரே சட்டத்தில் தோன்றும் காட்சிகளில் பி.சி. கௌரிசங்கரின் ஒளிப்பதிவு நுட்பம் அப்போதே ஆராயத்தக்கதாயிற்று. 1993இல் சன் தொலைக்காட்சி தொடங்கியபின் பெருகிய தனியார் அலைவரிசைகளும், பின்னர் இணையமும் படத்தைத் துண்டுகளாக வழங்கலாயின.

துண்டாக்கம் நீளத்தை மட்டும் குறைப்பதில்லை. நகையின் வகையையே மாற்றுகிறது. மடத்தின் நகைக்கு முன்நிகழ்ச்சி வேண்டும். யார் எதை எப்போது நம்பினார் என்பது தெரியவேண்டும். மூன்று நிமிடத் துண்டில் அத்தொடர் இல்லை. எஞ்சுவது வேடிக்கையான பேச்சு, வேடிக்கையான நடை ஆகியவையே. அதாவது எள்ளல் மட்டுமே. மணி ஐயரின் அச்சம் துண்டில் மறைந்து, அவர் வழக்கு மட்டும் நகைப்பொருளாகிறது. துண்டுக் காட்சியை மட்டும் கண்டு இப்படம் ஒரு வகுப்பாரை எள்ளுகிறது என்று எழுதும் ஆய்வாளரும், அவரை மறுக்கும் ஆய்வாளரும் வெவ்வேறு பாடங்களைப் பற்றியே வாதிடுகின்றனர்.

ஏட்டுச்சுவடிகளிலிருந்து சங்க நூல்களைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், சுவடிகள் கிடைத்த இடங்களைக் குறித்து, பாடவேறுபாடுகளையும் காட்டினார். அவ்வொழுக்கம் திரைப்பட ஆய்வுக்கு இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை. உரையாடலை மேற்கோள் காட்டும் கட்டுரைகள் பலவும், அது திரையரங்கப் படியிலிருந்தா, ஒளித்தகட்டிலிருந்தா, தொலைக்காட்சி ஒளிபரப்பிலிருந்தா எனச் சொல்வதில்லை. சிலேடையில் ஓர் ஒலி மாறினாலே பொருள் போய்விடும் கிரேசி மோகன் உரையாடலுக்கு இது பெருங்குறை. 2019 ஜூன் 10 அன்று அவர் மறைந்தபின், ஐயப்பட்ட இடத்தை அவரிடமே கேட்டுத் தெளியும் வாய்ப்பும் இல்லாதாயிற்று.

7. முடிவுரை

‘மைக்கேல் மதன காமராஜன்’ முதற்பார்வைக்கு வியப்பையும் மறுபார்வைக்கு மொழியையும் வைத்திருக்கும் படம். அறிந்த கதையில் கட்டியங்காரனின் குறுக்கீட்டுக்குக் காத்திருக்கும் கூத்துப் பார்வையாளரின் மனநிலை, வீட்டுக் காணொளிப் பார்வையாளரிடமும் தொடர்வதைக் காணமுடிகிறது. படத்தின் தலையாய நகை மடத்தை நிலைக்களனாகக் கொண்டது. துண்டாக்கம் அதை எள்ளலாகச் சுருக்குகிறது. ஆகவே தமிழ் நகைச்சுவைப் படங்களை ஆராய்வோர் தாம் கொண்ட வடிவத்தையும் அதன் ஓட்ட நேரத்தையும் குறிப்பிடுதல் வேண்டும். வடிவங்களை ஒப்பிட்டுச் சரிபார்த்த உரையாடற் பதிப்புகளைத் தமிழ்த்துறைகள் உருவாக்கத் தொடங்குவதும் காலத்தின் தேவை. அதற்கு ஒளிநாடாக்கள் பூஞ்சை படிந்து அழியுமுன் திரட்டப்படவேண்டும். கூத்தின் இரவுகளைப் பதிவுசெய்ய நேர்ந்த காலத்தாழ்வு, டெக் ஓடிய இரவுகளுக்கும் நேரவேண்டியதில்லை.