கொடிக்கருக்கின் பள்ளத்தில் தங்கிய நிறம்

ரிவால்வர் என்றதும் கைத்துப்பாக்கிதான் நினைவுக்கு வரும். அதே சுழலும் உருளையை நீண்ட குழலோடும் தோளில் ஊன்றும் மரக்கட்டையோடும் பொருத்தினால் அது சுழல் ரைபிள். ஆயுதமாக அது அதிக நாள் தாக்குப்பிடிக்கவில்லை. ஆனால் பழைய துப்பாக்கிகளைத் தேடிச் சேர்ப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். செதுக்குவேலை கொண்ட ஒரு சுழல் ரைபிளைப் பற்றிப் பேசும்போது குரலே மாறிவிடும். அந்த மயக்கத்துக்கு நியாயம் இருக்கிறது.

சுழலும் உருளை கொண்ட துப்பாக்கிக்கு சாமுவேல் கோல்ட் 1836இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். நியூஜெர்சியின் பேட்டர்சன் நகரில் அவருடைய கம்பெனி செய்த முதல் ரைபிளில், விசைக்கு முன்னால் ஒரு வளையம் தொங்கும். அதை விரலால் இழுத்தால் உருளை ஓர் அறை நகரும். உள்ளே மறைந்திருக்கும் சுத்தியலும் பின்வாங்கித் தயாராக நிற்கும். புளோரிடாவில் செமினோல் மக்களுடன் போரிட்டுக்கொண்டிருந்த அமெரிக்கப் படை, 1838இல் ஒன்று 125 டாலர் வீதம் 50 வாங்கியது. அப்படியும் 1842இல் கம்பெனி நொடித்துப்போனது. அந்த வளைய ரைபிளில் செய்யப்பட்டவை ஏறத்தாழ 200தான். இன்று அதன் அருமை அந்த எண்ணிக்கையிலும் இருக்கிறது.

சுழலும் அறை என்ற எண்ணம் கோல்ட்டுக்கு முன்பே இருந்தது. 1851இல் லண்டனில் சிவில் பொறியாளர் கழகத்தின் முன் உரையாற்றியபோது, இந்தியாவில் செய்யப்பட்ட பழைய திரித்துப்பாக்கிகளில் சுழலும் அறைகள் இருந்ததை அவரே எடுத்துச் சொன்னார்.

பக்கவாட்டில் சுத்தியல் வைத்த 1855ஆம் ஆண்டு ரைபிளில்தான் ரசனைக்குப் பெரிய விருந்து. எலிஷா ரூட் வடிவமைத்தது அது. வேட்டைக்காக முதலில் வந்த வகையின் உருளை முழு வட்டமாக, வழவழப்பாக இருக்கும். அதன்மேல் ஒரு காட்சி: வேடன் ஒருவன் சுடுகிறான், எதிரே ஐந்து மான்கள். தாளில் வரைந்த படத்துக்கு இடம் வலம் என்று எல்லை உண்டு. உருளைமேல் வரைந்ததற்கு அது இல்லை. ஒரே பார்வையில் முழுப் படமும் அகப்படாது. வேடனைக் கண்டபின் மான்களைக் காண உருளையைத் திருப்ப வேண்டும். திருப்பிக்கொண்டே போனால் மறுபடி வேடனிடம் வந்து நிற்போம். பின்னால் வந்த படைத்துப்பாக்கிகளில் உருளையைச் சுற்றி நீளவாக்கில் பள்ளங்கள் குடைந்தார்கள். படம் நிற்க இடமில்லாமல் போயிற்று.

கோல்ட்டின் உருளைக் காட்சிகள் பலவற்றுக்கு அச்சு வெட்டியவர் வாட்டர்மேன் ஆர்ம்ஸ்பி, வங்கி நோட்டுக்குத் தகடு செதுக்கும் தொழிலில் கைதேர்ந்தவர். கடினமான எஃகு அச்சில் காட்சியை வெட்டி, அதை உருளையோடு அழுத்தி உருட்டிப் பதிப்பார்கள். கள்ளநோட்டு அடிப்பவனைத் திணறவைத்த அதே நுணுக்கம் இங்கும் வேலை செய்தது. அழகுதான், ஆனாலும் அது அச்சின் அழகு, எல்லா உருளையிலும் ஒன்றே.

கையால் செதுக்கியதைப் பார்த்தால் வேறுபாடு புரியும். பிரஷ்யாவிலிருந்து வந்து கோல்ட்டுக்கு வேலை செய்த குஸ்தாவ் யங்கின் கொடிக்கருக்கு, அதாவது கொடிபோல் சுருண்டோடும் செதுக்கல், நெருக்கமானது. சுருளுக்குள் சுருள் இறுகிக் கிடக்கும். இடைவெளியெங்கும் ஊசிமுனை அளவு புள்ளிகளைத் தட்டி நிரப்பியிருப்பதால் கொடி தரையைவிட்டு எழுந்து நிற்கும். நியூயார்க்கில் பல கம்பெனிகளுக்கும் செதுக்கிய எல்.டி. நிம்ஷ்கேயின் கொடி அப்படியல்ல. அகலமாக, மூச்சு வாங்க இடம்விட்டுப் படரும். தாம் முடித்த வேலையைத் தாளில் படியெடுத்து ஒரு புத்தகமாகவே அவர் சேர்த்துவைத்தார். துப்பாக்கிகள் நான்கு திசைக்கும் போனபிறகும் அவருடைய கோடுகள் அந்தத் தாள்களில் இருக்கின்றன.

சேகரிப்பவர் கற்க வேண்டிய முதல் பாடம், வேலை நடந்த வரிசை. இரும்புச் சட்டம் இளகலாக இருக்கும்போதே செதுக்கி முடித்துவிட வேண்டும். பிறகு எலும்புக்கரியும் தோல்கரியும் நிரப்பிய பெட்டிக்குள் புதைத்து, பழுக்கச் சூடேற்றி, தண்ணீரில் அமிழ்த்துவார்கள். மேல்தோல் கல்லாய் இறுகும். கூடவே மயில்கழுத்து நீலமும் வைக்கோல் மஞ்சளும் காவியும் கலந்த ஒரு நிறம் படரும். அதன்பின் உளி வைத்தால் வழுக்கும். பிற்காலத்தில் விலையேற்றுவதற்காகச் செதுக்க நினைப்பவன் இரும்பை மறுபடி சூடேற்றி இளக்கியாக வேண்டும். அதில் பழைய நிறம் போய்விடும்.

ஆகவே பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு கோட்டின் பள்ளத்துக்குள் பாருங்கள். மேற்பரப்பு கைபட்டுத் தேய்ந்து வெளிறியிருக்கலாம். செதுக்கல் அசலானால், விரல் எட்டாத பள்ளத்தில் அந்த நிறம் தங்கியிருக்கும். பழைய கீறல் ஒன்று கொடியின் குறுக்கே ஓடினால் கொடி மூத்தது. கொடி அந்தக் கீறலை வெட்டிக்கொண்டு போனால் கீறல்தான் மூத்தது. துப்பாக்கியைக் கீழே வைத்துவிடலாம்.

இந்த அழகுக்கு அப்பால், போர்க்களத்தில் சுழல் ரைபிளுக்கு ஒரு பொல்லாத குணம் இருந்தது. ஓர் அறையின் நெருப்பு பக்கத்து அறைகளுக்கும் தாவினால் எல்லாம் சேர்ந்து வெடிக்கும். குழலைத் தாங்கிய இடக்கை அதற்கு நேர் முன்னால் இருக்கும். ஆனாலும் அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863 செப்டம்பர் 20 அன்று சிக்கமாகாவில் 21ஆம் ஒஹையோ படைப்பிரிவு இந்த ரைபிளை வைத்துக்கொண்டு ஒரு குன்றைக் காத்து நின்றது. அப்படிப் பெயர் வாங்கிய துப்பாக்கியையும் ராணுவம் பின்னால் கைவிட்டது.

கையில் ஒன்று கிடைத்தால் பளபளப்பாக்கும் ஆசையை அடக்க வேண்டும். மெருகுப்பொடி முதலில் தின்பது கொடியின் விளிம்பை. அடுத்தது பள்ளத்து நிறத்தை. செதுக்கியவர் உளியை வைத்துவிட்டு நெருப்பிடம் ஒப்படைத்த நாளுக்கு அந்த நிறம் ஒன்றுதான் சாட்சி. லேசாக எண்ணெய் தொட்ட மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.