தாதியும் தொல்லைக்கார நோயாளியும்

தமிழ்க் கதைகளிலும் திரைப்படங்களிலும் தாதிக்கு இரண்டே முகங்கள் வழங்கப்பட்டுள்ளன. ஒன்று வெண்ணுடை தரித்த தெய்வத்தின் முகம். மற்றையது ஆஸ்பத்திரி வாயிலில் நின்று ஏழையை அதட்டும் அரக்கியின் முகம். 1961ஆம் ஆண்டு வெளிவந்த 'பாலும் பழமும்' முதல் வகைக்குத் தக்க சான்று. அதன் நாயகி தாதியாக அறிமுகமாகி, மருத்துவரை மணந்து, நோயுற்று விலகி, பார்வையிழந்த கணவருக்குப் பணிவிடை செய்யும்பொருட்டு வேறொரு பெயரிலே தாதியாகவே திரும்பி வருகிறாள். பார்த்தோர் நெஞ்சில் நிற்பது பத்தினியின் தொண்டேயன்றித் தாதியின் தொழிலன்று. தொழிலென்று வந்தால் அங்கே சம்பளம் வரும், மேலதிகாரி வருவார், உடன் வேலைசெய்வோரின் பொறாமையும் உதவியும் வரும், பத்துப் பேர் ஒரே வேளையில் அழைக்கும் வாட்டு வரும். தெய்வத்துக்கு இவை எதற்கு?

இவ்விரு முகங்களும் வெவ்வேறானவைபோலத் தோன்றினும் ஒரே நோக்கின் பிள்ளைகளே. தாதியின் நடத்தை அவளது குணத்திலிருந்து பிறக்கிறது என்பதே அந்நோக்கு. குணவதி பொறுப்பாள், கொடியவள் சினப்பாள். அவள் எத்தனை கட்டில்களுக்குப் பொறுப்பானவள், முதனாள் இரவு உறங்கினாளா, அவளை அதட்டுபவர் யார், அவள் கையிலே போதிய துணியும் மருந்தும் உண்டா என்னும் வினாக்கள் அங்கு எழுவதில்லை. நோயாளி திறத்திலும் இதே கதைதான். சாந்தமாகக் கிடந்து குணமடைபவன் நல்ல நோயாளி. கேள்வி கேட்பவனும் அழுபவனும் அடிக்கடி கூப்பிடுபவனும் தொல்லைக்காரர்.

தாதியர்க்கென எழுதப்படும் அறிவுரை நூல்களும் பெரும்பாலும் இவ்வாறே தொடங்குகின்றன. குரலை உயர்த்தாதே, முகமலர்ச்சியோடு இரு, முரண்படும் சக ஊழியரைத் தனியே அழைத்துப் பேசு என்பன போன்ற புத்திமதிகளை அவற்றிற் காணலாம். இவை பயனற்றவை என்று கூறுவதற்கில்லை. கத்தும் நோயாளிமுன் தானும் கத்தாதிருப்பது நன்றே. ஆயின், 'தொல்லைக்காரர்' என்னும் பெயரைச் சூட்டியவர் யார், எப்போது, எதன்பொருட்டு என்பதை அந்நூல்கள் கேட்பதில்லை. இலக்கியம் கேட்கவேண்டிய வினா அதுவே. அதனைக் கேட்டவர்களும் கேட்கத் தவறியவர்களும் பிறமொழி எழுத்தாளரிடையே உளர். அவருட் சிலரை இங்கு நோக்குவோம்.

சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1843–44இல் தொடராக வெளியிட்ட 'மாட்டின் சஸில்விற்' நாவலிலே சேரி காம்ப் என்ற கூலித் தாதி வருகிறாள். மதுவாடை வீசும் அவள், காய்ச்சலிற் கிடக்கும் இளைஞனின் கைகளை உடலோடு சேர்த்துப் பிடித்து, இவன் பிணமானால் எவ்வளவு அழகாயிருப்பான் என்று பார்த்து மகிழ்கிறாள். அதே நோயாளியைப் பகலிற் பார்ப்பவள் பெற்சி பிறிக் என்ற இன்னொருத்தி. நண்பிகளான இருவரும் ஈற்றில் தேநீர் வேளையொன்றிலே பெருஞ் சண்டையிட்டுப் பிரிகின்றனர். காரணம் விசித்திரமானது. தன்னைப் புகழ்வதற்கென்றே காம்ப் கற்பித்துவைத்துள்ள ஹரிஸ் அம்மாள் என்ற பெண் உண்மையில் இல்லை என்று பிறிக் சொல்லிவிடுகிறாள். எவரும் மதியாத தொழிலைச் செய்யும் கிழவி, தன்னை மதிப்பதற்கு ஒருத்தியைக் கற்பனையிற் படைக்கவேண்டியிருந்தது. உடன் தொழிலாளி அதையும் பறித்தாள். டிக்கன்ஸ் இதனை நகைச்சுவையாகவே எழுதினார். ஆயினும், ஏழைகளின் நோய்ப்படுக்கைக்குக் கூலிக்கு வரும் பணிப்பெண்ணின் உண்மைச் சித்திரமே இது எனப் பின்வந்த பதிப்பின் முன்னுரையிற் குறிப்பிட்டார். சிரிப்பின் அடியிற் கிடக்கும் சமுதாயத் துயரை அவர் அறியாதவரல்லர். அதனைத் தோண்டிப் பார்க்கவில்லை, அவ்வளவே.

காம்புக்கு மாற்றாக வந்தவர் புளோரன்ஸ் நைற்றிங்கேல் என்பது பாடநூற் கூற்று. அவரைப் 'விளக்கேந்திய மங்கை' என்று பாடுவோர் அவர் எழுதியதை வாசிப்பது அரிது. 1859இல் வெளிவந்த அவரது தாதிமைக் குறிப்புகள் கூர்மையான நூல். நோயாளி படும் துன்பங்களிற் பல நோயினால் வருவனவல்ல. காற்று, வெளிச்சம், அமைதி, தூய்மை, நேரத்துக்கு உணவு ஆகியவை கிடையாமையால் வருவன என்பதே அதன் அடிப்படை. கதவுக்கு வெளியே நின்று குசுகுசுப்பதும், நிச்சயமின்மையில் நோயாளியைக் காத்திருக்கவிடுவதும் அவருக்குக் கொடுமைகளாகத் தெரிந்தன. நோயாளியின் சிடுசிடுப்புக்கு அவனைச் சூழ்ந்த நிலைமையிற் காரணம் தேடியவர் அவர். எனினும், 1860இல் இலண்டன் புனித தோமஸ் வைத்தியசாலையில் அவர் பெயரால் எழுந்த பயிற்சிக் கூடம் காலப்போக்கில் இருவகை மாணவியரைக் கொண்டதாயிற்று. செலவைத் தாமே ஏற்றுவந்த சீமாட்டிகள் மேற்பார்வைப் பதவிகளுக்கென வளர்க்கப்பட்டனர். ஏனையோர் வாட்டிலே உழைப்பதற்கென வளர்க்கப்பட்டனர். எசமானி–வேலைக்காரி உறவு வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் குடிபெயர்ந்தது. இன்றும் மேற்றனின் காலடியோசை கேட்டதும் இளந்தாதியின் முகம் வெளிறுவதில் அந்த வரலாற்றின் நிழல் உண்டு.

அன்ரன் செக்கோவின் 'ஆறாம் வாட்டு' (1892) இப்பொருளில் எழுந்த எழுத்துகளுள் என் மதிப்பில் முதலிடம் பெறுவது. அந்த மாகாண நகர ஆஸ்பத்திரியில் இரண்டே அறுவைக் கத்திகள் உள. வெப்பமானி ஒன்றேனும் இல்லை. குளிக்கும் தொட்டிகளில் உருளைக்கிழங்கு கிடக்கிறது. மனநோயாளர் ஐவர் அடைபட்ட வாட்டுக்கு நிக்கீற்றா என்ற முன்னாட் சிப்பாய் காவல். ஒழுங்கு எல்லாவற்றிலும் மேலானது, ஒழுங்குக்கு அடி வேண்டும் என்பது அவன் நம்பிக்கை. அவன் முட்டியால் அடிக்கிறான். ஒரு சாதாரண எழுத்தாளன் இங்கே நின்று நிக்கீற்றாவைச் சபித்துக் கதையை முடித்திருப்பான். செக்கோவ் மேலே பார்க்கிறார். மேலே இருப்பவர் டாக்டர் றாகின். நல்லவர், படித்தவர், எவரையும் அதட்டத் தெரியாதவர். இந்த ஆஸ்பத்திரி ஒழுக்கக்கேடான நிலையம், இதனை மூடுவதே நன்று என்று வந்த அன்றே உணர்ந்தவர். உணர்ந்துகொண்டு வீட்டிலே பியரும் புத்தகமுமாக அமர்கிறார். துன்பம் மனத்தின் கற்பிதம் என்று நோயாளி குறோமோவுக்கு உபதேசிக்கிறார். அவருக்கு உதவியாக வந்த இளம் டாக்டர் ஹொபொத்தோவின் கண் அவரது பதவிமேல் இருக்கிறது. அந்தச் சக ஊழியனே ஒருநாள் ஆலோசனைக்கென்று அழைத்துச் சென்று அவரை ஆறாம் வாட்டில் விட்டுவிட்டு நழுவுகிறான். நிக்கீற்றா நோயாளி அங்கியைக் கொண்டுவந்து கொடுக்கிறான். வெளியே விடும்படி கேட்ட டாக்டருக்கும் அதே முட்டி. மறுநாள் அவர் இறக்கிறார்.

நிக்கீற்றா தன் கடமையில் எள்ளளவும் மாறவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். நேற்று மேலதிகாரியாக இருந்தவர் இன்று அங்கி அணிந்ததும் 'தொல்லைக்காரர்' ஆகிறார். மனிதர் மாறவில்லை, இடம் மாறியது. அடித்தவனின் குற்றத்தைச் செக்கோவ் மறைக்கவுமில்லை. அதனை அவனோடு நிறுத்தவுமில்லை.

ஜோர்ஜ் ஓர்வெல் 1929இல் நியுமோனியாவுடன் பாரிஸ் நகரப் பொது ஆஸ்பத்திரி ஒன்றிற் சில வாரங்கள் கிடந்தார். 1946இல் அச்சேறிய 'ஏழைகள் எப்படி இறக்கிறார்கள்' என்ற கட்டுரை அதன் பேறு. மருத்துவ மாணவர் கூட்டமாக வந்து அவர் மார்பைத் தட்டிக் கேட்டனர். அவரோடு ஒரு சொற்கூடப் பேசினாரில்லை. அந்த வாட்டிலே ஈரல் நோயாளியான கிழவர் ஒருவர் இருந்தார். அவருக்கு வழங்கிய பெயர் ஐம்பத்தேழாம் இலக்கம். ஒரு காலையில் அவர் கட்டிலில் இறந்து கிடந்தார். நெடுநேரத்தின் பின் தாதியர் இருவர் சிப்பாய்களைப் போல நடந்துவந்து உடலைத் துணியிற் கட்டிவிட்டுச் சென்றனர்.

1960இல் இஸபெல் மென்ஸீஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர், இலண்டன் போதனா வைத்தியசாலை ஒன்றின் தாதிச் சேவை பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். அங்கும் நோயாளிகள் 'பத்தாம் கட்டில் ஈரல்', 'பதினைந்தாம் கட்டில் நியுமோனியா' என்று பேசப்படுவதை அவர் குறிப்பிடுகிறார். எழுத்தாளன் கட்டிலிற் கிடந்து கண்டதை ஆய்வாளர் கட்டிலருகே நின்று கண்டார். ஓர்வெல் இதில் மனிதத்தன்மையின் இழப்பைக் கண்டார். அது ஏன் இழக்கப்பட்டது என்பதை மென்ஸீஸ் ஆராய்ந்தார். மரணத்தையும் வேதனையையும் நாள்தோறும் தொட்டுப் பழகும் இளம்பெண்ணுக்கு அச்சம் உண்டாகிறது. அதிலிருந்து அவளைக் காப்பதற்கென்றே ஆஸ்பத்திரி ஓர் ஒழுங்கை வகுத்துக்கொள்கிறது. ஒரு நோயாளியை முழுமையாக எவரும் பராமரிப்பதில்லை. ஒருத்தி எல்லோருக்கும் வெப்பநிலை பார்ப்பாள்; இன்னொருத்தி எல்லோருக்கும் படுக்கை விரிப்பாள். எல்லாத் தாதியரும் ஒரேமாதிரி உடுப்பர். வாட்டிலிருந்து வாட்டுக்கு இடையறாது மாற்றப்படுவர். நோயாளியோடு உறவு ஏற்படுமுன் அது அறுக்கப்படும். இத்தனை செய்தும் அச்சம் ஒழிந்ததா? மாணவத் தாதியருள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் பயிற்சியை முடிக்காமலே வெளியேறினர். அவருட் பெரும்பாலோர் தாமாகவே விலகியவர்கள்.

உடன் வேலைசெய்வோரிடையிலான பகைக்கும் மென்ஸீஸிடம் விளக்கம் உண்டு. மூத்தவர்கள் இளையோரைப் பொறுப்பற்றவர் என்றனர். இளையோர் மூத்தவரைக் கொடுமைக்காரர் என்றனர். தன்னுள்ளே இருக்கும் கவனக்குறைவை மூத்தவள் இளையவள்மேற் சுமத்துகிறாள். தன்னைத் தானே கண்டிக்கும் குரலை இளையவள் மூத்தவள் வாயிற் கேட்கிறாள். உளப்பகுப்பாய்வு மொழியில் எனக்கு முழு உடன்பாடில்லை. ஆள்பற்றாக்குறையையும் கூலியையும் அது தொலைவிலிருந்தே பார்க்கிறது. எனினும், 'அவள் பொல்லாதவள்' என்ற ஒற்றை வாக்கியத்தைக் கடந்து செல்வதற்கு இந்த ஆய்வு வழிவிட்டது.

பெலிசிற்றி ஸ்ரொக்வெல் என்ற தாதி 1972இல் 'விரும்பப்படாத நோயாளி' என்னும் ஆய்வை வெளியிட்டார். தாதியின் பெயரைத் தெரிந்து அழைப்பவர், அவளோடு சிரித்துப் பேசுபவர் விரும்பப்பட்டனர். முறைப்படுபவர், தாதி நம்புவதிலும் மிகுதியாகத் தமக்கு வலிக்கிறது என்று காட்டுபவர் விரும்பப்படவில்லை. பிறநாட்டார், நெடுங்காலம் தங்கியிருப்போர், உடற்குறை உள்ளோர், மனநோயாளர் ஆகியோரும் விரும்பப்படாதோர் வரிசையிற் சேர்ந்தனர். அன்னோருக்குக் கிடைத்த தண்டனை அடியன்று. கூப்பிட்டதைக் கேளாதிருத்தல், கேட்ட பொருளை மறந்துவிடுதல், பிறருக்குத் தளர்த்தும் விதியை அவருக்கு இறுக்குதல், ஒரு குத்தல் வார்த்தை. நிக்கீற்றாவின் முட்டி நாகரிகம் அடைந்துவிட்டது.

மருத்துவர்–தாதி உறவைப் பற்றி ஒரு சொல். 1966இல் அமெரிக்காவிலே ஹொஃப்லிங் குழுவினர் செய்த சோதனையில், முன்பின் அறியாத 'டாக்டர்' ஒருவர் தொலைபேசியிற் கூறிய கட்டளைப்படி, புட்டியில் எழுதியிருந்த உச்ச அளவின் இருமடங்கு மருந்தைக் கொடுக்க 22 தாதியருள் 21 பேர் ஆயத்தமாயினர். மறுத்துப் பேசும் தாதியே அங்குத் 'தொல்லைக்கார ஊழியர்' எனப்படுவாள். ஆனால் அந்த நோயாளியின் உயிருக்கு வேண்டப்பட்டது அத்தொல்லையே.

இத்தனை பின்னணியில் கென் கீஸியின் 'குயிற்கூட்டின் மேலாக ஒருவன் பறந்தான்' நாவலைப் (1962) படிக்கும்போது ஏமாற்றமே மிஞ்சுகிறது. 1975இல் வந்த திரைப்படத்தால் உலகெங்கும் பரவிய கதை அது. மனநோய் ஆஸ்பத்திரியில் இரவுப் பணியாளாக வேலைசெய்தவர் கீஸி. நோயாளிகள் ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்து எழுதும் பதிவேடு போன்ற நுணுக்கங்கள் அந்த அனுபவமின்றி வந்திரா. சமுதாயம் முழுவதையும் அரைக்கும் பேரியந்திரத்தின் ஓர் அங்கமே ஆஸ்பத்திரி என்பதையும் கதைசொல்லியான செவ்விந்தியர் வாயிலாக அவர் உணர்த்துகிறார். ஆனால் அந்த இயந்திரத்துக்கு எதிரான சீற்றம் முழுவதும் இறுதியில் எங்கே பாய்கிறது? தலைமைத் தாதி றற்செற்றின் சட்டையைக் கிழிப்பதிலும் கழுத்தை நெரிப்பதிலும். அவளுக்கு மேலேயுள்ள டாக்டர் பாவப்பட்ட பிராணியாகத் தப்பிவிடுகிறார். கீழேயுள்ள கறுப்பினப் பணியாளர் மூவரும் வெறுப்பின் பொம்மைகளாகவே நிற்கின்றனர். விடுதலை நாவல் என்று கொண்டாடப்பட்ட படைப்பு, பெண்ணையும் கறுப்புத் தொழிலாளியையும் பலியிட்டு ஆணின் வீரத்தை நாட்டுகிறது. எழுபது ஆண்டுகட்கு முன்னர், அதிலும் குறைந்த பக்கங்களில், செக்கோவ் கண்டதைக் கீஸி காணவில்லை.

நம்மவர் எழுத்துக்கு வருவோம். இலங்கையில் நோயாளிக்கும் தாதிக்கும் இடையே மொழியும் ஒரு சுவராக நிற்கிறது. கட்டிலருகே தொங்கும் பெட் ஹெட் ரிக்கற் ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. தாதி பேசுவது பல இடங்களிற் சிங்களம். மலையகத் தோட்டத்திலிருந்து வந்த பெண்ணுக்கு இரண்டும் புரியாதபோது, வலி எங்கே என்று கேட்டால் அவள் உடல் முழுவதையும் காட்டுகிறாள். 'மிஸி, மிஸி' என்று மீண்டும் மீண்டும் அழைக்கிறாள். ஸ்ரொக்வெல் கண்ட விரும்பப்படாதோர் வரிசையில் அவளுக்கு இடம் எளிதிற் கிடைத்துவிடும். வடக்குக்கு மாற்றலாகி வந்து, தமிழ் தெரியாமல், கிழவரொருவர் எதற்காக அழுகிறார் என்று விளங்காது திகைக்கும் சிங்களத் தாதியும் இதே சுவரின் மறுபுறத்தில் நிற்கிறாள். இருவரையும் ஒரே கதையில், ஒரே பரிவோடும் ஒரே கண்டிப்போடும் வைத்து எழுதத் துணிபவரே நமக்குத் தேவை.

அத்தகைய எழுத்து வெளியே நிற்பவரிடமிருந்து வருதல் அரிது. ஓர்வெல்லே இதற்குச் சான்று. சிப்பாய்களைப் போல நடந்துவந்த தாதியர் இருவரையும் அவர் மறக்கவில்லை. அன்று காலை அவர்கள் எத்தனையாவது உடலைக் கட்டினார்கள், கட்டிவிட்டு அறைக்குப் போய் என்ன பேசினார்கள் என்பது கட்டிலிற் கிடந்தவருக்குத் தெரியாது. அதனை அவர்களுள் ஒருத்தி எழுதியிருக்கவேண்டும். நம் ஆஸ்பத்திரிகளில் இரவுப் பணி முடித்துப் பொறுப்பை ஒப்படைக்கும் தாதியருள் தமிழில் எழுதவல்லார் பலர் உளர். நமது சஞ்சிகைகள் அவர்களிடம் கேட்டுவாங்கி வெளியிட்டிருப்பவை, மே மாதம் பன்னிரண்டாந் திகதி தாதியர் தினத்துக்கான வாழ்த்துக் கவிதைகள் மட்டுமே.