புரவலர், இரவலர், வாசகர்: பொது நூலகத் தன்னார்வப் பணியின் சொல்லும் நடப்பும் (பேசின் பிரிட்ஜ் வட்டாரத்தை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

தமிழகப் பொது நூலகங்களில் பொதுமக்களின் தன்னார்வப் பங்கேற்பு பெரிதும் ‘வாசகர் வட்டம்’, ‘புரவலர்’ என்னும் இரண்டு அமைப்புகளின் வழியாக நிகழ்கிறது. இச்சொற்கள் வாசகரை எங்கே நிறுத்துகின்றன என்பதை வடசென்னையின் பேசின் பிரிட்ஜ் வட்டார வாழ்நிலையோடும் அதன் தொழிலாளர் வரலாற்றோடும் பொருத்தி இக்கட்டுரை திறனாய்வு செய்கிறது.

திறவுச்சொற்கள்: பொது நூலகம், வாசகர் வட்டம், புரவலர், தன்னார்வப் பணி, வடசென்னை

இரண்டு பலகைகள்

தமிழகக் கிளை நூலகங்கள் பலவற்றின் சுவரில் ஒரு பெயர்ப்பலகையைக் காணலாம். ஆயிரம் ரூபாய் செலுத்திப் ‘புரவலர்’ ஆனவர்களின் பெயர்கள் அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். சற்றுத் தள்ளி, நூல்களை வீட்டுக்கு எடுத்துச் செல்வோருக்கான மேசை. அதன்மேல் ‘நூல் இரவல் பகுதி’ என்று மற்றொரு பலகை. இவற்றை எழுதுவித்தவர்கள் சங்க இலக்கியத்தை மனத்திற்கொண்டு எழுதியிருக்கமாட்டார்கள். ஆயினும், ஒரே அறையில் புரவலரும் இரவலரும் எதிரெதிரே நின்றுவிடுகின்றனர். பணம் தந்தவர் புரப்பவர். படிக்க வந்தவர் இரப்பவர்.

‘இரவல்’ இன்று திருப்பித் தரும் கடன்பொருளையே குறிக்கும், அதில் இழிவில்லை என்று வாதிடலாம். அவ்வாதம் பாதி சரி. சொற்பொருள் மாறியிருக்கிறது, சொற்கள் காட்டும் உறவு மாறியிருக்கிறதா என்பதே கேள்வி. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் பொது நூலகச் சட்டமாகும். சீர்காழி இரா. அரங்கநாதனின் நெடிய முயற்சியும், அன்றைய கல்வி அமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியாரின் ஆதரவும் அதன் பின்னணியில் இருந்தன. அச்சட்டத்தின் உயிர்நாடி நூலக வரி. சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கப்படும் இவ்வரி இன்று ரூபாய்க்குப் 10 காசு. நூலகம் எவருடைய கொடையிலும் நிற்கக்கூடாது, மக்கள் செலுத்தும் வரியில் நிற்கவேண்டும் என்பதே இவ்வேற்பாட்டின் கருத்து. வாடகை வீட்டில் இருப்பவரும் வாடகையின் வழியே அவ்வரியில் ஒரு பங்கைச் சுமக்கிறார். சட்டப்படி பார்த்தால் நூலகத்தைப் புரப்பவர்களுள் அவரும் ஒருவர்; அவர் பெயர்தான் பலகையில் இல்லை.

கால்வாய்க்கரையும் முகவரிச் சான்றும்

இக்கருத்தைப் பேசின் பிரிட்ஜில் வைத்துப் பார்க்கும்போது அதன் குறையும் தெரிகிறது. சென்ட்ரலிலிருந்து புறப்படும் தொடர்வண்டிகள் கடக்கும் முதல் நிலையம் இது. இருப்புப்பாதைகள் பிரியும் சந்திப்பு, பெட்டிப் பராமரிப்புப் பணிமனை, மின் நிலையம், பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றின் இடையிலும் ஓரத்திலும் குடியிருப்புகள் அமைந்துள்ளன. ஒருபுறம் புளியந்தோப்பு, வியாசர்பாடி. மறுபுறம் யானைக்கவுனி, தங்கசாலை, பழைய வண்ணாரப்பேட்டை. துறைமுகத்துக்குச் செல்லும் சரக்கு ஊர்திகளை நம்பிப் பிழைப்போரும், முறைமாற்றி வேலைசெய்யும் தொடர்வண்டித்துறைப் பணியாளரும், வீட்டுவேலைக்குச் செல்லும் பெண்களும் இங்கு வாழ்கின்றனர்.

கால்வாய்க்கரையில் பட்டா இன்றி வாழும் குடும்பத்துக்குச் சொத்து வரி இல்லை. ஆகவே நூலக வரியும் இல்லை. நூலக உறுப்பினராக முகவரிச் சான்றும் காப்புத்தொகையும் வேண்டும். அரங்கநாதன் நினைத்த வரிவழி உரிமை இவர்களை எட்டுவதற்குள் வற்றிவிடுகிறது. எனவே இங்கே தன்னார்வப் பணிக்கு உண்மையான தேவை இருக்கிறது. சட்டம் நின்றுவிட்ட இடத்திலிருந்து வாசகரை நூலகத்துக்குள் அழைத்துவரும் பணி அது. இன்றைய வாசகர் வட்டங்கள் அதைச் செய்கின்றனவா?

நாற்காலிகள்

கள ஆய்வின்போது வடசென்னையின் கிளை நூலகம் ஒன்றில் வாசகர் வட்டக் கூட்டமொன்றைக் கண்டேன். நூலகத்தின் பெயர் இங்குத் தேவையில்லை. அந்நிகழ்வு அந்நூலகத்துக்கு மட்டுமே உரியதும் அன்று. காலை முதல் அங்கே போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் அமர்ந்திருந்தனர். தம் சொந்தப் புத்தகங்களையே கொண்டுவந்திருந்தனர். வீட்டில் கிடைக்காத மேசையும், மின்விசிறியும், அமைதியும்தான் நூலகத்திடம் அவர்கள் வேண்டியவை. கூட்டத்துக்கு அரைமணி நேரம் முன்பு அவர்கள் எழுப்பப்பட்டனர். அவர்கள் அமர்ந்திருந்த நாற்காலிகள் சிறப்பு விருந்தினருக்கும் புதிய புரவலர்களுக்கும் போடப்பட்டன. சால்வைகள் அணிவிக்கப்பட்டன, வாசிப்பின் சிறப்பைப் பற்றி உரைகள் நிகழ்ந்தன. எழுப்பப்பட்டவர்களுள் ஒரு பெண் மாடிப்படியில் அமர்ந்து படிப்பைத் தொடர்ந்தார். மாலைவேளைகளில் தெருப் பிள்ளைகள் ஐந்தாறு பேருக்கு அவர் கணக்குச் சொல்லித்தருவதைப் பின்னர் அறிந்தேன். வட்டத்தின் உறுப்பினர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. எவரும் அவரைக் கேட்கவும் இல்லை.

நூலகரைக் குறைகூறுவது எளிது, நியாயமாகாது. புரவலர் சேர்ப்பும் நிகழ்ச்சி எண்ணிக்கையும் அறிக்கையில் எழுதத்தக்கவை. மாடிப்படியில் நடக்கும் கணக்குப் பாடத்துக்கு அறிக்கையில் பத்தி கிடையாது. வாசகர் வட்டத் தலைவர்களுக்கு அரசு ‘நூலக ஆர்வலர்’ விருது வழங்கிப் பாராட்டுவது நல்ல செயல். அந்தப் பாராட்டு எச்செயலைத் தன்னார்வம் என்று அடையாளம் காண்கிறது என்பதையே இங்கு உற்றுநோக்க வேண்டியுள்ளது. (இப்பெயர் தாங்கிய பதிப்பகம் ஒன்றும் முன்பு இருந்தது. லட்சுமி கிருஷ்ணமூர்த்தி நடத்திய அந்த ‘வாசகர் வட்டம்’ உறுப்பினராகச் சேர்ந்த வாசகரை நம்பி நூல் வெளியிட்டது. பெயருக்கு அது கூடுதலாகப் பொருந்தியது எனத் தோன்றுகிறது.)

இளைஞர்களின் தேவையை அரசு அறியாமல் இல்லை. 2024 நவம்பரில் கொளத்தூரில் திறக்கப்பட்ட ‘முதல்வர் படைப்பகம்’, படிக்க இடமில்லாதோருக்கு இருக்கை தருவதைத் தன் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டது. அங்கு மையமாக வைக்கப்பட்ட இருக்கை, கிளை நூலகத்தில் ஒரு சால்வைக்காக இடம்பெயர்கிறது.

பெரம்பூர்ச் சபை

இவ்வட்டாரத்துக்கு இதைவிட வளமான முன்மாதிரி ஒன்று உண்டு. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளைச் சூழ்ந்த பெரம்பூர்ப் பகுதியில் ‘ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை’ என்னும் பக்திச் சபை இயங்கிவந்தது. செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு ஆகிய இரு வணிகர்கள் அதன் நடத்துநர்கள். சமயச் சொற்பொழிவு கேட்க ஆலைத் தொழிலாளர்கள் அங்கு வந்தனர். கேட்க வந்தவர்கள் நாளடைவில் பேசத் தொடங்கினர். வேலைநேரத்தின் நீளம், உணவு இடைவேளையின் குறுக்கம், மேற்பார்வையாளரின் அடி ஆகியன சபையின் பேச்சாயின. 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி. பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத்தலைவர்களுள் ஒருவர். தம் ‘வாழ்க்கைக் குறிப்புக்க’ளில் திரு.வி.க. இச்சபையை நினைவுகூர்கிறார்.

இச்சபையை நூலகமென்று கூறவரவில்லை. சமுதாய நிகழ்ச்சி ஒன்றின் வெற்றியை எதைக்கொண்டு அளப்பது என்பதற்கு அது ஒரு சான்று. நடத்துநர்கள் திட்டமிட்ட பொருள் ஒன்று. வந்தவர்கள் பேசியது மற்றொன்று. நடத்துநர்கள் பின்னதற்கு இடம்விட்டனர். இன்றைய வட்டக் கூட்டங்களில் வாசகர் பேசும் நேரம் பெரும்பாலும் நன்றியுரைதான்.

அதே வரலாறு ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. 1921ஆம் ஆண்டின் ஆலை வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் சாதிவழியில் பிளவுண்டனர். புளியந்தோப்பு கலவரத்தையும் தீவைப்பையும் கண்டது. ‘சமுதாயம்’ என்று ஒருமையில் நாம் எளிதாக எழுதும் சொல் அன்று இவ்வட்டாரத்தில் ஒருமையாக இல்லை. இன்றும் வாசகர் வட்டம் எந்தத் தெருவில் உள்ளவரை அழைக்கிறது, எந்தத் தெருவுக்கு அழைப்பிதழ் போகவில்லை என்று கேட்காத சமுதாய நிகழ்ச்சி, ஏற்கெனவே அமர்ந்திருப்போருக்கே மீண்டும் நாற்காலி போடும்.

தன்னார்வத்தின் திசை

தன்னார்வப் பணி எத்திசையில் செல்கிறது என்பதும் கருதத்தக்கது. யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் தொடக்கம் 1933இல் க. மு. செல்லப்பா தம் வீட்டில் நூல்களை வைத்து அயலாருக்குப் படிக்கத் தந்ததில் இருக்கிறது. ஊரார் கூடிக் குழு அமைத்தனர். பின்னர் உள்ளாட்சி அதனை ஏற்றது. 1981இல் எரியூட்டப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன என்பது யாவரும் அறிந்ததே. தொடக்கத்தில் ஒருவரின் தன்னார்வம், முடிவில் பொதுப் பொறுப்பு: திசை தெளிவாக உள்ளது. வடசென்னை மண்ணிலும் இதற்கு நிகரான ஒன்று உண்டு. மறைமலையடிகள் தொகுத்த நூல்களைக் கொண்டு சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் 1958இல் லிங்கிச் செட்டித் தெருவில் மறைமலையடிகள் நூலகத்தை நிறுவியது. தனியொருவரின் சேமிப்பு பல தலைமுறை ஆய்வாளரின் பொதுச் சொத்தாயிற்று. நம்முள் பலர் அந்நூலகத்துக்குக் கடன்பட்டவர்கள்.

எதிர்த்திசைப் பயணமும் உண்டு. பிரிட்டனில் 2010க்குப் பின் நிகழ்ந்த செலவுக் குறைப்பால் பல கிளை நூலகங்கள் ஊதியப் பணியாளர்களிடமிருந்து தன்னார்வலர்களின் கைக்கு மாறின. பொதுப் பொறுப்பு தனியார் நல்லெண்ணமாகச் சுருங்கியது. தமிழகத்தில் அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் 2006 முதல் 2011 வரை 12,000க்கும் மேற்பட்ட ஊராட்சி நூலகங்கள் கட்டப்பட்டன. அவற்றின் பொறுப்பு சொற்ப மதிப்பூதியம் பெற்ற உள்ளூர்வாசிகளிடம் விடப்பட்டது. பல கட்டடங்கள் பூட்டிக் கிடந்ததை நாளிதழ்கள் பலமுறை எழுதியுள்ளன. 2021இல் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ சுமார் 2 லட்சம் தன்னார்வலர்களை ஈர்த்தது, பெண்களே மிகுதி, மாத ஊக்கத்தொகை 1000 ரூபாய். தெருவிலேயே ஆசிரியர் இருக்கிறார் என்று அத்திட்டம் கண்டறிந்தது பெரிய செய்தி. அவ்வாசிரியரின் ஒரு மாத உழைப்பும் ஒரு நூலகப் புரவலரின் பெயர் பலகையில் ஏறுவதற்கான தொகையும் ஒரே எண்ணாக இருப்பது தற்செயல்தான். ஆனாலும் நெஞ்சில் தைக்கிறது.

இவற்றைக் கொண்டு பார்த்தால், வாசகர் வட்டத்தின் முதற்பணி நிதி சேர்ப்பதாக இருக்கவியலாது. நூலக வரி ஒழுங்காக வசூலாகி, உள்ளாட்சியிடமிருந்து மாவட்ட நூலக ஆணைக்குழுவை உரிய காலத்தில் அடைகிறதா என்று கேட்கும் வாசகர் குழு, நூறு புரவலர்களைச் சேர்ப்பதைவிடக் கூடுதலாக நூலகத்தைப் புரக்கும். இரவுப்பணி முடித்து வருபவருக்கு எந்நேரத்தில் கதவு திறந்திருக்க வேண்டும், முகவரிச் சான்று இல்லாத குழந்தைக்கு யார் பொறுப்புக் கையொப்பம் இடுவது என்பவை அதற்கு அடுத்த வினாக்கள். இரண்டாவதற்குப் புதிய நிதி தேவையில்லை. வட்ட உறுப்பினர் ஒருவரின் கையொப்பத்தை நூலகம் பிணையாக ஏற்றால் போதும். இதைவிட மலிவான புரவலர் பணி வேறில்லை.

பெருஞ்சித்திரனாரை இங்கு நினைப்பது பொருந்தும். இளவெளிமான் சிறிதளவே கொடுத்தபோது அதை ஏற்காமல் சென்று, குமணனிடம் யானை பெற்று, அதை இளவெளிமானின் காவல்மரத்திலேயே கொணர்ந்து கட்டிய நிகழ்வைப் புறநானூற்று 162ஆம் பாடல் காட்டுகிறது. இரவலர் புரவலரை மதிப்பிடவும் இடித்துரைக்கவும் உரிமையுள்ள உறவாகவே நம் பழைய மரபு இதைக் கண்டது. சொற்களைச் சங்க இலக்கியத்திலிருந்து எடுத்துக்கொண்ட நூலகத்துறை அவ்வுரிமையை உடன் எடுத்துவரவில்லை. வட்டக் கூட்டத்தின் நடவடிக்கைப் பதிவேட்டில் வாசகரின் குறைகளுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கி, அடுத்த கூட்டத்தில் முதலாவதாக அப்பக்கத்தை உரக்கப் படிக்கலாம். மாடிப்படியில் அமர்ந்திருந்த அப்பெண்ணுக்கு அப்பக்கத்தில் எழுத முதல் வரி ஏற்கெனவே தெரியும்: நாற்காலியை எடுக்குமுன் எங்களைக் கேளுங்கள்.